21 வயது நிரம்பினால் ஹலாலாகிவிடுமா?

கடலோர ஊர் ஒன்றிலிருந்து வாசகச் சகோதரர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவருடைய மூத்த மகன் அமெரிக்காவில், அயோவா மாநிலத்திலுள்ள அயோவா சிட்டி என்னும் ஊரில் பொறியியல் படிக்கிறார். தொழுகையை விடாத பிள்ளை என்றுதான் வாப்பா எழுதுகிறார். அண்மையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை தோறும் உடன் படிக்கும் நண்பர்களோடு பாருக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவதாகப் பிள்ளை தானாகவே சொல்லியிருக்கிறார்.

"நான் கோக் மட்டும்தான் குடிக்கிறேன், வாப்பா. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் இரவு 10 மணிக்கு மேல் பாருக்குள் இருக்கக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். அதனால் 10 மணிக்கு முன்னே வந்துவிடுகிறேன். இன்னும் ஏழு மாதத்தில் எனக்கு 21 ஆகிவிடும். பிறகு அந்தத் தொந்தரவும் இல்லை." இது மகனின் பேச்சு.

வாப்பா நம்மிடம் கேட்பது இதுதான்: "அவன் குடிக்கவில்லை. சட்டத்தையும் மீறவில்லை. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா? அல்லது இது பழைய காலத்து மனிதனின் பயம்தானா?"

ஆதாரம் உண்டு. அதற்கு முன்னால் அந்த ஊர்ச் சட்டத்தையே சற்றுப் பார்த்துவிடுவோம். பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்கர்கள் மதுவோடு போராடிப் பார்த்தவர்கள். 1920-ல் தங்கள் அரசியல் சட்டத்தையே திருத்தி நாடு முழுவதும் மதுவைத் தடுத்தார்கள். 1933-ல் அந்தத் திருத்தத்தை இன்னொரு திருத்தத்தால் நீக்கினார்கள். குடிப்பதற்கு எத்தனை வயது ஆகவேண்டும் என்பது அந்தந்த மாநிலத்தின் பொறுப்பாயிற்று. 1971-ல் ஓட்டுரிமை வயது 18 ஆனதும், ஓட்டுப் போடத் தகுந்தவனுக்குக் கோப்பை மட்டும் ஏன் கூடாது என்று கேட்டுப் பல மாநிலங்கள் மது வயதையும் 18, 19 என்று குறைத்தன. இளைஞர்கள் குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் சாவது பெருகிற்று. 1984-ல் மத்திய அரசு ஒரு சட்டம் செய்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் மது வாங்குவதைத் தடுக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை மானியத்தில் ஒரு பங்கு வெட்டப்படும் என்பது அதன் சாரம். தென் டகோட்டா மாநிலம் வழக்குப் போட்டது. 1987-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் 21-க்கு வந்து சேர்ந்தன. உபதேசத்துக்கு அசையாதவர்கள் ரோட்டுப் பணத்துக்கு அசைந்தார்கள்!

ஆனால் அந்தச் சட்டம் வாங்குவதையும் வைத்திருப்பதையும்தான் பேசிற்று. குடிக்கக் கூடாத வயதுள்ளவன் மதுச்சாலைக்குள் நுழையலாமா என்பதை ஊர்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. இல்லினாய் மாநிலத்தில் பெரிய பல்கலைக் கழகம் இருக்கும் ஷாம்பெய்ன் நகரில் 19 வயதானவன் பாருக்குள் போகலாம். குடிக்க மட்டும் 21 ஆகவேண்டும். அயோவா சிட்டியிலும் 2010 வரை இதே 19 வயதுதான்.

வாசலில் ஓர் ஆள் நின்று டிரைவிங் லைசென்ஸைக் கேட்பான். பெரும்பாலான மாநிலங்களில் 21-க்குக் குறைந்தவர்களின் லைசென்ஸ் நெடுக்குவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். பார்த்தவுடனே வயது தெரிந்துவிடும். கையில் மையால் அடையாளம் இடுவதும், மணிக்கட்டில் பட்டை கட்டுவதும் உண்டு. உள்ளே போன பிறகு என்ன நடக்கும்? 22 வயது நண்பன் இரண்டு கோப்பை வாங்குவான். ஒன்று மேஜையின் அடுத்த பக்கத்துக்கு நகரும். போலீஸார் அவ்வப்போது உள்ளே வந்து, கோப்பையும் கையுமாக இருக்கும் சிறு வயதுக்காரர்களுக்கு அபராதச் சீட்டுக் கொடுப்பார்கள். எந்த பாருக்கு எத்தனை முறை போனோம், எத்தனை சீட்டுக் கொடுத்தோம் என்று பாருக்குப் பார் கணக்கும் வைத்தார்கள். ஆயினும் சிறு வயதினரின் குடி அடங்கவில்லை.

2007-ல் நுழையும் வயதையே 21 ஆக்கலாமா என்று ஊர் மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். தோற்றுப் போயிற்று. 2010-ல் நகரசபையே முன்வந்து, 21-க்குக் குறைந்தவர்கள் இரவு 10 மணிக்கு மேல் பாருக்குள் இருக்கலாகாது என்று விதி செய்தது. ஜூன் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தவர்கள் கையெழுத்துத் திரட்டி அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் ஓட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குறைந்த வித்தியாசத்தில் விதி பிழைத்தது. 2013-ல் மீண்டும் ஓட்டு. இம்முறை ஊர் மக்கள் நல்ல வித்தியாசத்தில் அதை நிலைநிறுத்தினார்கள். அங்கே வேலை செய்பவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஊரார் நம் மார்க்கத்தவர்கள் அல்லர். மது அவர்களுக்கு ஆகுமான பண்டம். அப்படிப்பட்டவர்களே, 'உள்ளே இரு, ஆனால் குடிக்காதே' என்னும் விதியைக் காக்க முடியாது என்று அனுபவத்தில் கண்டு, எல்லையைக் கோப்பையிலிருந்து எடுத்து வாசற்படியில் கொண்டுபோய் வைத்தார்கள்.

நம் மார்க்கம் அந்த எல்லையை எங்கே வைத்திருக்கிறது? அல்மாயிதா அத்தியாயத்தின் 90-வது வசனத்தில் அல்லாஹுத் தஆலா மதுவைச் சூதாட்டத்தோடும் சிலைகளோடும் சேர்த்து ஷைத்தானின் செயலிலுள்ள அசுத்தம் என்று சொல்லிவிட்டு, அதைக் குடிக்காதீர்கள் என்ற அளவில் நிறுத்தவில்லை. அதைவிட்டு விலகியிருக்கும்படி கட்டளையிடுகிறான். விலகியிருப்பது என்றால் அது ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமும் இருப்பது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும், அல்லாஹ்வையும் இறுதி நாளையும் ஈமான் கொண்டவர் மது சுற்றிவரும் உணவு விரிப்பில் உட்கார வேண்டாம் என்ற கருத்தில் சொல்லியிருக்கிறார்கள். திர்மிதீயில் வரும் ஹதீது இது. உட்காருபவர் குடிக்கிறாரா, இல்லையா என்ற கேள்வியே அதில் எழவில்லை.

கோக் குடிக்கும் தம்பிக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும் ஒரு நிகழ்ச்சியைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் குடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் நோன்பாளி என்று சொல்லப்பட்டது. குடிக்காதது மட்டுமல்ல, தண்ணீர்கூட அருந்தாதவர்! கலீஃபா அவரை விட்டுவிடவில்லை. அவருக்கும் தண்டனை கொடுத்தார்கள். பாவம் நடக்கும் சபையில் உடன் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களைப் போன்றவர்களே என்னும் கருத்துள்ள அன்னிஸா அத்தியாயத்தின் 140-வது வசனத்தை அதற்கு ஆதாரமாக ஓதிக் காட்டினார்கள்.

மதுவும் கிடைக்கும் சாதாரண உணவு விடுதியில், அடுத்த மேஜையில் எவரோ குடிக்க, நாம் நம் மேஜையில் சோறு தின்பது வேறு விஷயம். வேறு இடமில்லாத ஊர்களில் நிர்ப்பந்தம் உண்டு. கூடியவரை தவிர்ப்பதே பேணுதல். தம்பி உட்காருவது அடுத்த மேஜையில் அல்லவே, அதே மேஜையில் அல்லவா?

இனி அந்த ஏழு மாதக் கணக்கு. வாப்பாவுக்கு மிகவும் பயம் தரவேண்டியது இதுதான் என்று நாம் நினைக்கிறோம். சட்டம் ஒரு வயதைக் குறிப்பிட்டுத் தடுக்கும்போது, அந்த வயது வந்ததும் அனுமதியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 21-வது பிறந்தநாளைக் குடித்தே கொண்டாடுவது மாணவர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஷரீஅத்தில் வயதின் பொருள் நேர்மாறானது. பிள்ளை பருவமடைந்ததும், அடையாளம் எதுவும் தோன்றாவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படி பிறை ஆண்டுக் கணக்கில் 15 நிரம்பியதும், ஏவல் விலக்கல்கள் அனைத்தும் அவன் தோளில் ஏறிவிடுகின்றன. தம்பி அந்த வயதைக் கடந்து ஐந்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இனி அவருக்குக் கதவு திறந்துவிடும் பிறந்தநாள் எதுவும் இல்லை.

பிள்ளைகள் சொல்லும் இன்னொரு வாதத்தையும் நாம் கேட்டிருக்கிறோம். பீர் பார்லியில் செய்வது, திராட்சையில் அல்ல என்பார்கள். உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, மது விலக்கப்பட்ட காலத்தில் அது திராட்சை, பேரீச்சம்பழம், தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஐந்திலிருந்தும் செய்யப்பட்டு வந்தது என்றும், அறிவை மூடுவதெல்லாம் மதுவே என்றும் விளக்கியது புகாரியில் இருக்கிறது. வாற்கோதுமைதான் பார்லி. ஹனஃபீ மத்ஹபிலும் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் சொல்லின்படி, போதை தருவது எதுவாயினும் குறைந்த அளவும் ஹராம் என்றே ஃபத்வா. அதிகம் பேச இதில் ஒன்றுமில்லை.

வேலை விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. அங்கே பல மாநிலங்களில் குடிக்கக் கூடாத 18 வயதுப் பிள்ளை, கோப்பையைச் சுமந்துபோய்ப் பரிமாறலாம். சட்டத்துக்கு அது குற்றமில்லை. நாயகம் (ஸல்) அவர்களோ மது தொடர்பாகப் பத்துப் பேரைச் சபித்தபோது பிழிபவரையும் விற்பவரையும் குடிப்பவரையும் சொன்னதோடு, சுமப்பவரையும் பரிமாறுபவரையும் அதன் கிரயத்தை உண்பவரையும் சேர்த்தே சொன்னார்கள். கைச்செலவுக்காக விருந்துகளில் பரிமாறும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்ன பரிமாறுகிறோம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

போலி அடையாள அட்டை வாங்கி வயதைக் கூட்டிக் காட்டுவது பொய். விசாவில் கையெழுத்திட்டு அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் போனவர் செய்யும் ஒப்பந்த மீறலும்கூட. தம்பி அப்படிச் செய்யவில்லை என்பதில் நமக்கும் மகிழ்ச்சி.

சட்டத்தால் ஆகாததும் இருக்கிறது. பாரை மூடினால் மாணவர்கள் வாடகை வீடுகளில் கூடிக் குடிப்பார்கள், அங்கே கண்காணிப்பவர் யாருமில்லை என்று அயோவா சிட்டியில் எதிர்த்தவர்கள் வாதாடினார்கள். அதை வெறும் சாக்கு என்று நாம் தள்ளிவிட முடியாது. 2008-ல் அமெரிக்கக் கல்லூரித் தலைவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், 21 வயதுச் சட்டம் குடியை மறைவிடத்துக்குத் தள்ளுகிறது, அதை மறுபடியும் ஆராய வேண்டும் என்று கையெழுத்திட்டார்கள். மறுபக்கம், மது தொடர்பான விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 1,500 கல்லூரி மாணவர்கள் இறப்பதாக அந்நாட்டு அரசின் மது ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டது. இரு தரப்பும் தவிக்கிறார்கள். மாநிலச் சட்டமோ, பெற்றோர் உடனிருந்து சம்மதித்தால் வீட்டுக்குள் பிள்ளை குடிப்பதை விட்டுவிடுகிறது. வீட்டு வாசலோடு சட்டம் நின்றுவிடுகிறது; அங்கிருந்து எல்லாம் பெற்றோர் கையில்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இந்த இடத்தை விளக்குகிறார்கள். முதலில் சுவர்க்கம், நரகம் பற்றிய வசனங்களே இறங்கின. உள்ளங்கள் இஸ்லாத்தில் நிலைபெற்ற பின்னரே ஹலால், ஹராம் இறங்கிற்று. எடுத்த எடுப்பில் மதுவை விடுங்கள் என்று இறங்கியிருந்தால் ஒருக்காலும் விடமாட்டோம் என்றிருப்பார்கள் என்பது அவர்கள் சொன்னதன் கருத்து. அபூதல்ஹா (ரலி) வீட்டில் இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள் பரிமாறிக்கொண்டிருந்தபோதே தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. அனைத்தையும் வெளியே கொட்டச் சொன்னார்கள். மதீனத் தெருக்களில் மது ஓடிற்று. வாசலில் நின்று வயது கேட்க அங்கே ஆள் வைக்கவில்லை.

ஆகவே வாப்பா மகனுக்குப் போலீஸாக வேண்டாம், ஆகவும் முடியாது. 1998-ல் செய்த ஒரு திருத்தத்தின்படி, 21 வயதுக்குள் இருக்கும் மாணவர் மது விதியை மீறினால் பல்கலைக் கழகம் பெற்றோருக்குத் தெரிவிக்கலாம். ஏழு மாதம் கழிந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். மகன் தானாகச் சொன்னாரே, அதுதான் இப்போது வாப்பாவின் கையிலுள்ள முதல். கோபித்துப் பேசி அதை இழந்துவிட வேண்டாம்.

சனிக்கிழமை இரவுக்கு வேறு இடம் வேண்டும். அயோவா சிட்டியில் பள்ளிவாசல் இருக்கிறது. சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே சீடர் ராப்பிட்ஸில், சிரியா, லெபனான் பகுதியிலிருந்து போய்ச் சிறு வியாபாரம் செய்தவர்கள் பணம் சேர்த்து 1934-ல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. தேசிய மதுவிலக்கு நீக்கப்பட்டுச் சில மாதங்களில் திறக்கப்பட்டது அது! முன்னே சொன்ன ஷாம்பெய்ன் நகரை ஒட்டிய அதே பல்கலைக் கழகத்தில்தான் 1963-ல் முஸ்லிம் மாணவர் சங்கம் பிறந்தது. இன்று அநேகமாக எல்லாப் பெரிய பல்கலைக் கழகங்களிலும் முஸ்லிம் மாணவர்களுக்குச் சங்கம் உண்டு. தம்பி அங்கே யாரையாவது அறிவாரா என்று வாப்பா விசாரிக்கட்டும்.

கடிதத்தின் கடைசியில் உம்மா கேட்டதாக ஒரு கேள்வி இருக்கிறது: என்றேனும் கைதவறிக் குடித்துவிட்டால் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாதாமே, பிறகு தொழுது என்ன பயன்? ஹதீது உள்ளதுதான். ஆனால் நற்கூலி கிடைக்காது என்பதே அதன் பொருள், கடமை நீங்கவில்லை, தொழுதால் அது நிறைவேறிவிடும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். தவ்பாவின் வாசல் நாற்பது நாளும் திறந்தே இருக்கிறது. அந்த அம்மா மகனிடம் இதை இப்போதே சொல்லிவைக்கட்டும்.

அயோவாவில் இரவு 10 மணி என்பது நமக்கு மறுநாள் காலை 9½, கோடையில் 8½. வாப்பா கடை திறக்கிற நேரம். அங்கே சனி இரவு என்றால் இங்கே ஞாயிறு காலை. வாடிக்கைக்காரர் வருவதற்குள் ஒரு முறை போன் செய்து, இன்றைக்கு இஷாவை யாரோடு தொழுதாய் என்று கேட்கலாம்.