பழைய பெட்ரோல் ஜீப் காலையில் கிளம்பாவிட்டால் என்ன செய்வது?

மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் மூட்டைகள் போக வேண்டிய காலையில் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய விலை கைநழுவும். மூட்டையில் அடைத்த தேயிலைக் கொழுந்தும் சூடேறித் தரம் கெடும். சோலூர் போன்ற மலையூர்களில் கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருக்கும் விவசாயிகள், கோளாறை வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் தாங்களே சரி செய்துகொள்ளலாம்.

காரணம் என்ன?

குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. பாட்டரியின் வலுவும் குறைகிறது. ஆகவே சோக் தேவை. ஆனால் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில், சமவெளியைவிடக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென அமைத்த கார்புரேட்டர் இங்கு காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைத் தரும். சோக்கை நெடுநேரம் இழுத்து வைத்தால் பிளக் நனைந்துவிடும்.

பிளக்கைப் பாருங்கள்

செல்பைத் தொடர்ந்து அழுத்திப் பாட்டரியைத் தீர்க்கக் கூடாது. ஒரு முறைக்கு 10 விநாடி போதும். பிறகு ஒரு நிமிடம் இடைவெளி விட வேண்டும். மூன்று முறையும் கிளம்பாவிட்டால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பிளக் நனைந்திருந்தால்: துடைத்து மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ப் கொடுக்கவும். அடிக்கடி நனைந்தால் மிதவை ஊசியில் தூசி அடைத்திருக்கலாம்.

பிளக் காய்ந்திருந்தால்: பெட்ரோல் வரவில்லை. டாங்கி, வடிகட்டி, ரப்பர் குழாய், பம்ப் டயாப்ரம் ஆகியவற்றை இந்த வரிசையில் சோதிக்கவும்.

பொறி: கழற்றிய பிளக்கை மாட்டிவிட்டு, சிந்திய பெட்ரோலைத் துடைத்த பின், அதன் வயரில் வேறொரு பிளக்கைச் செருகி இன்ஜின் இரும்பில் படும்படி வைக்கவும். அதைக் கையால் பிடிக்காமல், செல்ப் கொடுக்கச் செய்து பார்க்கவும். நீலப்பொறி வந்தால் நல்லது. பொறி மங்கலாக இருந்தாலோ வராவிட்டாலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பனிமூட்டத்தின் ஈரம் அங்கு தங்குவதுண்டு. பாயிண்ட் கருகியிருக்கிறதா என்றும் பார்க்கவும். வில்லிஸ் வகை ஜீப்பில் பிளக் இடைவெளி 0.75 மி.மீ.

எத்தனால் கலந்த பெட்ரோல்

நாட்டில் பெட்ரோலுடன் 20 சத எத்தனால் கலப்பு 2025-இல் எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் குளிரில் அது எத்தனாலுடன் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்களும் டயாப்ரமும் ஊறிக் கெடலாம். எனவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிக்கொள்வதும், வண்டியை நிறுத்தி வைக்கும் நாட்களில் டாங்கியை நிரப்பி வைப்பதும் நல்லது.

எச்சரிக்கை

கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பக் கூடாது. தீ எதிர்த்து அடிக்கும். சுமை ஏற்றிய வண்டியை இறக்கத்தில் உருட்டிக் கிளப்புவதும் ஆபத்து. சோதிக்கும் முன் கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்கக் கூடாது. மாலையிலேயே ஒரு முறை கிளப்பிப் பார்த்துவிட்டால், மறுநாள் விடியலில் சரக்குடன் தவிக்க நேராது.