வெட்டாத ஷாட்

அன்புத் தம்பிக்கு,

உன் கட்டுரையைப் படித்தேன். ஓகே கோ குழுவின் ‘ஹியர் இட் கோஸ் அகெய்ன்’ வீடியோவை எடுத்துக்கொண்டது நல்ல யோசனை. ஆனால் முதல் பக்கத்திலேயே பார்த், மல்வி, மக்லூஹன் என்று கோட்பாட்டாளர்கள் மூவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வீடியோவில் என்ன நடக்கிறது என்பது மூன்றாம் பக்கத்தில்தான் தெரிகிறது. பெரியவர்கள் பெயரையெல்லாம் அச்சடித்துவிட்டு மணமக்கள் பெயரை மறந்துபோன கல்யாணப் பத்திரிகை மாதிரி. அதிலும் லாரா மல்வி 1975இல் எழுதியது, சினிமாக் காமிரா பெண்ணைப் பார்க்கும் விதத்தைப் பற்றி. இந்த வீடியோவில் பெண்ணே கிடையாதடா! பாடகர் டேமியன் குலாஷின் சகோதரி டிரிஷ் சீ, நடனம் அமைத்துக் காமிராவுக்குப் பின்னால் நிற்கிறார். அவரைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பார். 8 டிரெட்மில்கள், 4 ஆண்கள், அசையாத காமிரா, ஒரே ஷாட். பக்கத்துப் பக்கத்து மெஷின்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒன்றிலிருந்து வழுக்கி இறங்குகிறவனை அடுத்தது வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புகிறது. யாரும் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

இப்போது சத்தத்தை வை. ஆண்ட்ரூ குட்வின், இசை வீடியோக்களைப் பற்றி 1992இல் வந்த தன் புத்தகத்தில், பாட்டுக்கும் படத்துக்கும் மூன்று விதமான உறவைச் சொல்கிறார்: வரியை அப்படியே காட்டுவது, வரி சொல்வதை இன்னும் விரிப்பது, வரிக்குச் சம்பந்தமில்லாமல் தன் வழியே போவது. நீ மூன்றாவது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. பட்டுத் தெளிந்த பிறகும் அதே தொல்லை மறுபடி ஆரம்பிப்பதைப் பற்றிய பாட்டு அது. அதற்கு டிரெட்மில்லைவிடப் பொருத்தமான பொருள் எது? வரியில் டிரெட்மில் இல்லை. ஆனால் வரியின் அர்த்தம் அந்த மெஷினில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கணக்கில் இது இரண்டாவது வகை.

நீ தொடாமல் விட்ட ஆள் ஆந்த்ரே பஸான். பிரெஞ்சு சினிமா விமர்சகர். ஒரு காட்சியின் உயிரே இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்தான் என்றால், அங்கே வெட்டக் கூடாது என்பது அவர் கட்சி. அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று, 1928இல் வந்த ‘தி சர்க்கஸ்’ படத்தில் சாப்ளின் சிங்கக் கூண்டுக்குள் மாட்டிக்கொள்வது. சாப்ளினைத் தனியாக, சிங்கத்தைத் தனியாக எடுத்து ஒட்டியிருந்தால் நமக்கு நெஞ்சு படபடக்காது. இருவரும் ஒரே சட்டகத்தில் இருக்கிறார்கள்.

டிரெட்மில்தான் இவர்களுக்குச் சிங்கம். நடுவில் ஒரு வெட்டு விழுந்திருந்தால், தவறி விழுந்த இடத்தை எடிட்டிங்கில் மறைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்போம். வெட்டு இல்லாததால் கால் வைக்கிற ஒவ்வொரு முறையும் நமக்குத்தான் பயம். இந்த ஒரே ஷாட்டுக்கு 17 தடவை முயன்றிருக்கிறார்கள். 2006இல் எம்டிவி விருது மேடையில் நேரிலேயே ஆடியும் காட்டினார்கள். சில நொடிக்கு ஒரு வெட்டு விழும் சினிமாப் பாட்டுகளில் வளர்ந்த கண் நமக்கு. அதனால்தான் வெட்டு இல்லாததை ஒரு முடிவாகவே நீ கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மக்லூஹனை மட்டும் வைத்துக்கொள், ஆனால் வேலை கொடு. வீடியோ யூடியூபுக்கு வந்தது 2006 ஜூலை 31. யூடியூபே தொடங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. படம் மங்கல், சட்டகம் உள்ளங்கை அகலம். அந்தச் சின்னச் சதுரத்தில் முகபாவம் எடுபடாது. தலை முதல் கால்வரை ஆடும் உடம்பு எடுபடும். ‘ஊடகம்தான் செய்தி’ என்று அவர் சொன்னதை இங்கிருந்து ஆரம்பித்து எழுதலாமே.

கடைசியாக, ‘இண்டி-பாப்’ என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறாய். இண்டி என்றால் பெரிய நிறுவனத்தைச் சாராதது; ஆனால் அந்தச் சமயம் அவர்கள் இருந்தது கேபிடல் லேபிளில். அது அப்போது இ.எம்.ஐ. என்ற பெரிய நிறுவனத்திடம் இருந்தது. வீடியோ 2007இல் கிராமி விருதும் வாங்கியது. பிறகு, தன் வலைப்பக்கத்தில் யாரும் அதைப் பதித்துக்கொள்ள முடியாதபடி நிறுவனம் தடுத்தது; யூடியூப் தளத்திலேயே பார்த்தால்தான் நிறுவனத்துக்குக் காசு. ஒரு நாளைக்குச் சுமார் 10,000 ஆக இருந்த பார்வைகள் 1,000 சொச்சமாகச் சரிந்தன என்று குலாஷ் 2010இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அடுத்த மாதமே குழு வெளியேறி, பாராகடூட்டே என்று சொந்த லேபிள் தொடங்கியது. அப்படியானால் 2006இல் அவர்களிடம் இருந்த ‘இண்டி’ எது? காதில் கேட்பதா, வீட்டில் எடுத்த மாதிரித் தெரிகிற படமா, ஒப்பந்தத் தாளா? உன் கட்டுரையின் கடைசிப் பகுதி இதுவாக இருந்தால் நான் ஆவலோடு படிப்பேன்.

பார்த்தையும் மல்வியையும் எடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தி அனுப்பு. அம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள், திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா