நடுவயது ஆடவரின் சுரப்புநீர் மாறுதல்களும் மனநிலையும்

நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஆடவர் சிலரிடம், முன்பு காணப்படாத அசதியும், அற்பக் காரியங்களுக்கும் எரிந்து விழும் சுபாவமும், உறக்கக் குறைவும், தாம்பத்திய நாட்டக் குறைவும் தோன்றுவதைக் கள ஊழியர்கள் கண்டிருப்பார்கள். குடும்பத்தார் இதனை வயதின் கோளாறு என்று விட்டுவிடுகின்றனர். சந்தையில் மருந்து விற்போர் வீரியக் குறைவு என்று பெயரிட்டு லேகியம் விற்கின்றனர். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது போன்றதொரு நிலை ஆண்களுக்கும் வரும் என்றும், ஊசியினால் அது சீராகும் என்றும் கூறும் விளம்பரங்களும் இப்போது பெருகிவிட்டன. இம்மூன்று விளக்கங்களில் எதனை ஏற்றாலும், உள்ளிருக்கும் உண்மையான நோய் கவனியாமல் விடப்படக்கூடும்.

ஆண்மைக்குரிய டெஸ்டாஸ்டெரோன் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் விரைகளில் சுரக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டுமென்பதை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆணையிடுகிறது. பெண்களிடம் ஐம்பது வயதையொட்டிச் சினைப்பையின் சுரப்பு சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆண்களிடம் அத்தகைய முடிவு நேர்வதில்லை. முப்பது, நாற்பது வயதிற்குப் பின் ஆண்டொன்றுக்குச் சுமார் 1 சதவீதம் என்ற அளவில் அது மெல்லக் குறைகிறது; எழுபது வயதிலும் பலருக்குப் போதிய அளவு இருக்கிறது. ஆகவே "நிற்றல்" என்ற சொல் ஆண்களுக்குப் பொருந்தாது.

ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆடவரிடம் நடத்தப்பெற்று 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இரத்தத்தில் ஹார்மோன் குறைவும் அதற்குரிய பாலியல் குறிகளும் ஒருங்கே காணப்பட்டோர் ஏறத்தாழ 2 சதவீதத்தினரே. சோர்வு, மனவாட்டம் முதலியவற்றைக் கூறியவர்களோ மிகப் பலர். அவர்களுள் பெரும்பாலோருடைய சோர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

நம்பிக்கை எவ்வளவு ஏமாற்றக்கூடும் என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. புகழ்பெற்ற உடலியல் அறிஞரான பிரௌன்-செக்கார் தமது 72ஆம் வயதில், 1889ஆம் ஆண்டில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தமக்கே ஊசி மூலம் செலுத்திக்கொண்டு, இளமை வலிமை திரும்பியதாகப் பாரிஸ் நகர அறிஞர் கழகத்தில் அறிவித்தார். டெஸ்டாஸ்டெரோன் நீரில் நன்கு கரைவதில்லை. விரைகளில் அது சேமித்து வைக்கப்படுவதுமில்லை. அவர் தயாரித்த நீர்ச்சாற்றில் பயன்தரும் அளவு ஹார்மோன் இருந்திருக்க முடியாது. அத்தகைய அறிஞரே ஏமாந்தார் எனில், லேகியத்தால் தெம்பு வந்ததாகக் கூறும் விவசாயியைக் கண்டு நகைப்பது தகாது.

இனி, ஹார்மோன் குறைவுக்கே காரணமாகும் பிற நிலைகளைக் காண்போம். இவற்றில் முதன்மையானது வயிற்றுப் பருமன். கொழுப்புத் திசு டெஸ்டாஸ்டெரோனைப் பெண்மை ஹார்மோனாக மாற்றுகிறது. அது பிட்யூட்டரியின் ஆணையைத் தணிக்கிறது. உடல் எடை குறைந்தால் ஹார்மோன் அளவு மீண்டும் உயர்கிறது. இந்திய ஆடவரின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு மேற்படின் எச்சரிக்கை தேவை. இதற்கு ஒரு நாடா போதும். உறக்கமும் இவ்வாறே முக்கியமானது. ஆரோக்கியமான இளைஞர் பத்துப் பேர் ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரமே உறங்கியபோது, அவர்களது பகல்நேர ஹார்மோன் அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்ததாக 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று வரும் நோய், நீரிழிவு, தைராய்டுக் கோளாறு, நீடித்த குடிப்பழக்கம் ஆகியவையும் இதே குறிகளைத் தோற்றுவிக்கும்.

எல்லாவற்றினும் தவறவிடத் தகாதது மனச்சோர்வு நோய். ஆடவர் தமக்குத் துக்கமாக இருக்கிறது என்று சொல்வது அரிது. "உடம்பு முடியவில்லை", "தலை கனக்கிறது" என்பர், கோபிப்பர், மிகுதியாகக் குடிப்பர், நண்பர்களை விட்டு ஒதுங்குவர். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் பதிவான 1,70,924 தற்கொலைகளில் பத்தில் ஏழு பங்கிற்கு மேல் ஆடவருடையவை. இத்தகையவரை வயதின் கோளாறு என்று அனுப்பிவிடுதல் பெரும் பிழையாகும்.

ஹார்மோன் பரிசோதனை வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரு வேறு நாட்களில் இரத்தம் எடுத்தாலன்றி முடிவு நம்பத்தக்கதன்று. மாலையில் எடுத்தால் அளவு இயல்பாகவே குறைந்திருக்கும். உண்மையில் குறைபாடுள்ளோர்க்கு இச்சிகிச்சை நற்பயன் தருவதே. ஆயினும் வெளியிலிருந்து ஹார்மோன் செலுத்தப்படும்போது விந்தணு உற்பத்தி ஒடுங்கிவிடுகிறது. குழந்தை வேண்டுவோருக்கு இச்செய்தியை ஊசி விற்போர் சொல்வதில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு மிகுதியாகவில்லை எனினும், இதயத்துடிப்பு ஒழுங்கின்மையும் நுரையீரல் இரத்தக்கட்டியும் சற்று அதிகமாகக் காணப்பட்டன.

வீடு செல்லும் ஊழியர் தாம்பத்தியத்தைப் பற்றி முதலிலேயே கேட்பின் பேச்சு அத்துடன் நின்றுவிடும். உறக்கம், குறட்டை, பசி, குடி, வேலையில் பிடிப்பு என்ற வரிசையில் தனிமையில் வினவுதல் நன்று. குறட்டையைப் பற்றி மனைவியையே கேட்க வேண்டும். உறங்குபவர் அதனை அறியார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்தபின், உயிர் வாழ்வதில் சலிப்புண்டா என்று நேராகவே கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. ஆம் என்று விடை வருமாயின், அவரைத் தனியே விடாமல், குடும்பத்தாருக்கு அறிவித்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இரவாயின் 14416 என்னும் அரசாங்க மனநலத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம்.