நகைக்கடையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம்?

1. 2 லட்சம் ரூபாய்க்கு மேல் நகை வாங்கினால் பான் எண் கொடுத்துவிடுங்கள்; அது சட்டம். இதைத் தவிர்க்க பில்லைப் பிரித்துப் போடச் சொல்லாதீர்கள், வம்பு.

2. ஆதார் கேட்டால், முதல் 8 இலக்கங்கள் மறைத்த நகலைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கும். குறுக்கே தேதி, கடைப் பெயர், காரணம் எழுதுங்கள். வேறிடத்தில் அந்த நகல் செல்லுபடியாவது கடினம்.

3. குலுக்கல் கூப்பனில் கல்யாண நாள், வீட்டு முகவரி எழுதாதீர்கள். பரிசு விழுமோ என்னவோ, விளம்பர அழைப்புகள் நிச்சயம்.

4. பழைய நகையை விற்றால் பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். கட்டுக்கட்டாக எண்ணுவதைக் கடையே வேடிக்கை பார்க்கும்.

5. பில்லை வாட்ஸப் குழுவில் பகிராதீர்கள். எடையும் முகவரியும் அதிலேயே இருக்கின்றன.