ஈறில் கசியும் இரத்தமும் மிஸ்வாக்கும்

மிஸ்வாக் செய்யும்போது ஈறில் இரத்தம் கசிகிறதே, ஒளு கூடுமா? திருவரங்குளத்திலானாலும் வேறெந்த ஊரிலானாலும் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது.

ஹனஃபி மத்ஹபில், இரத்தம் உமிழ்நீருக்குச் சமமாகவோ மிகுந்தோ இருந்து எச்சில் சிவந்துவிட்டால் ஒளு முறியும். மஞ்சளித்த அளவில் முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் இக்கசிவால் ஒளு முறிவதில்லை. ஆயினும் இரத்தம் நஜீஸ். வாயைக் கொப்பளித்த பின்னரே தொழ வேண்டும்.

நம் கவலை வேறு. இரத்தத்துக்கு அஞ்சிப் பலர் மிஸ்வாக்கையே விட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் குற்றவாளி குச்சியன்று.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையே காற்றுப் புகாத இடுக்கில் 'போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ்' என்றொரு கிருமி குடியேறுகிறது. 'ஜிஞ்ஜிபைன்' எனப்படும் மூன்று நொதிகள் அதன் ஆயுதம். புரதத்தை அறுக்கும் கத்தரிகள் என்று கொள்ளுங்கள். புரதம் என்பது அமினோ அமில மணிகள் கோத்த மாலை. இரண்டு கத்தரிகள் ஆர்ஜினின் என்ற மணியை அடுத்தும், மூன்றாவது லைசின் என்ற மணியை அடுத்தும் வெட்டுகின்றன. வெட்டும் கூர், கந்தகமுள்ள சிஸ்டீன். கிருமியின் உள்ளே இருக்கும்வரை ஓர் உறை கத்தரியை அடக்கி வைக்கிறது. வெளியேறிய பின் உறை கழல்கிறது. இரண்டு கத்தரிகளுக்குக் கைகளும் உண்டு. சிவப்பணுக்களை அவை பற்றிக்கொள்ளும். ஆர்ஜினின் கத்தரி ஒன்றின் வெட்டும் பகுதி எப்படி அமைந்தது என்பதை 1999-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

இத்தனையும் எதற்கு? இரத்தத்திலுள்ள இரும்புக்காக! இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜனை இக்கத்தரிகள் அறுப்பதால் கசிவு எளிதில் நிற்பதில்லை. ஹீமோகுளோபினையும் நறுக்கி உணவாக்குகின்றன. காவலுக்கு வரும் எதிர்ப்புப் புரதங்களும் தப்புவதில்லை. வேறு கிருமிகளும் சேர்ந்துகொள்ள, அழற்சி முற்றி, எலும்பு கரைந்து பல் ஆடுகிறது.

ஆகவே, சுத்தம் செய்வதை நிறுத்தினால் அக்கிருமிக்கு விருந்து வைத்ததாகும். நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்திய ஸுன்னத்தை விடாதீர்கள். நுனியை மென்று மிருதுவாக்கி, ஈற்றோரமாக மெல்லத் தேயுங்கள். பிரஷ்ஷுக்கும் இதுவே முறை.

மிஸ்வாக் எல்லா நோயையும் தீர்க்கும் என்போருடன் நாம் சேர மாட்டோம். ஆழ்ந்த இடுக்கிலும் இறுகிய காரையிலும் குச்சி எட்டாது. சில நாள்களில் கசிவு குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; சர்க்கரை நோயாளிகள் தாமதிக்கவே கூடாது. புதுக்கோட்டையிலேயே 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோன்பில் இரத்தத்தை விழுங்கிவிடக் கூடாதென்பதால், ரமழானுக்கு முன்பே போய்விடுவது உத்தமம்.