சராசரி 60 என்றால் 60 பொட்டலம் கட்டலாமா?

மாணவர்களே, எஸ்பிஎம் தேர்வுக்குப் பிறகு வணிக நிர்வாகம், சந்தைப்படுத்துதல், நிதி போன்ற துறைகளில் பட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கும். அவர்களில் சிலர், "வணிகம் எடுத்தால் கணிதத்திலிருந்து தப்பித்துவிடலாம்" என்றும் நினைப்பதுண்டு. ஆனால், அந்தப் படிப்பில் பெரும்பாலும் முதலாம் ஆண்டிலேயே புள்ளியியலும் நிகழ்தகவும் சேர்ந்த ஒரு பாடம் வந்துவிடும். வியாபாரம் செய்யப் போகிறவருக்கு நிகழ்தகவு எதற்கு என்று தெரியாமலேயே சூத்திரங்களை மனனம் செய்து, தேர்வு எழுதி, மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

எதற்கு என்பதை இன்று ஒரு சிறிய நாசி லெமாக் கடையை வைத்துப் பார்ப்போம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையும் கணக்கும்

இது நாம் கற்பனை செய்துகொள்ளும் கடை. ஓர் அம்மா தினமும் விடியுமுன் எழுந்து, நாசி லெமாக் சமைத்துப் பொட்டலம் கட்டி, காலையில் சாலையோரத்தில் விற்கிறார். ஒரு பொட்டலத்திற்கு ஆகும் செலவு 3 ரிங்கிட். விற்பது 4 ரிங்கிட். விற்றால் 1 ரிங்கிட் லாபம். விற்காமல் மிஞ்சியது மறுநாளைக்கு ஆகாது, குப்பைக்குத்தான் போகும். அப்போது 3 ரிங்கிட் நட்டம்.

இவர் 20 நாள்களுக்கு, தினமும் எத்தனை பொட்டலம் கேட்கப்பட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார். கணக்கு எளிதாக இருக்க, எண்களைப் பத்துப் பத்தாக வைத்துக்கொள்வோம்.

40 பொட்டலம் கேட்கப்பட்ட நாள்கள்: 2
50 பொட்டலம்: 4 நாள்கள்
60 பொட்டலம்: 8 நாள்கள்
70 பொட்டலம்: 4 நாள்கள்
80 பொட்டலம்: 2 நாள்கள்

மொத்தம் கேட்கப்பட்டது 1,200 பொட்டலம். அதை 20 நாளால் வகுத்தால் சராசரி 60. வரிசைப்படுத்திப் பார்த்தால் நடுவில் நிற்கும் எண்ணும் 60. அடிக்கடி வரும் எண்ணும் 60. மூன்று அளவைகளும் ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன.

அப்படியென்றால் அந்த அம்மா தினமும் எத்தனை பொட்டலம் கட்டினால் நல்லது? மேலே படிக்குமுன் உங்கள் விடையை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றாகக் கணக்கிடுவோம்

தினமும் 60 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றாடச் செலவு 180 ரிங்கிட். 40 மட்டுமே விற்கும் நாளில் வரவு 160. ஆகவே 20 ரிங்கிட் நட்டம். 50 விற்கும் நாளில் வரவு 200. 20 ரிங்கிட் லாபம். 60 அல்லது அதற்கு மேல் கேட்கப்படும் 14 நாள்களிலும் 60 பொட்டலமும் தீர்ந்துவிடும். வரவு 240, லாபம் 60.

20 நாளுக்கும் சேர்த்துக் கூட்டுவோம். 2 நாள் நட்டம் 40 ரிங்கிட். 4 நாள் லாபம் 80. 14 நாள் லாபம் 840. நிகர லாபம் 880 ரிங்கிட். ஒரு நாளைக்கு 44.

இப்போது தினமும் 50 மட்டும் கட்டினால்? செலவு 150 ரிங்கிட். 40 விற்கும் 2 நாள்களில் லாபம் பத்துப் பத்து ரிங்கிட். மற்ற 18 நாள்களில் 50 பொட்டலமும் விற்று 50 ரிங்கிட் லாபம். மொத்தம் 920 ரிங்கிட். ஒரு நாளைக்கு 46.

சராசரியை நம்பி 60 கட்டியவரைவிட, 50 கட்டியவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது!

இதே முறையில் மற்ற எண்களையும் கணக்கிட்டால், ஒரு நாளைக்குக் கிடைக்கும் லாபம் இப்படி இருக்கும்:

40 கட்டினால்: 40 ரிங்கிட்
50 கட்டினால்: 46 ரிங்கிட்
60 கட்டினால்: 44 ரிங்கிட்
70 கட்டினால்: 26 ரிங்கிட்
80 கட்டினால்: 0

கடைசி வரியைக் கவனியுங்கள். "யாரும் வெறுங்கையோடு திரும்பக்கூடாது" என்று தினமும் 80 கட்டுகிறவர், 20 நாளில் கேட்டவர்களுக்கெல்லாம் விற்றிருப்பார். கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும். ஆனால் 400 பொட்டலங்கள் குப்பைக்குப் போயிருக்கும். 20 நாள் உழைப்புக்குக் கையில் ஒரு காசும் மிஞ்சியிருக்காது. நன்றாக ஓடுவதுபோல் தெரியும் கடைகூட லாபமில்லாமல் நிற்க இதுவும் ஒரு காரணமாக முடியும்.

'எதிர்பார்ப்பு மதிப்பு' என்பது இதுதான்

நாம் கண்டுபிடித்த 46, 44 ஆகிய எண்களுக்குப் புள்ளியியலில் எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர். ஒவ்வொரு விளைவையும் அது நிகழும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் இந்த மதிப்பு கிடைக்கும். 50 பொட்டலக் கணக்கை அப்படியே எழுதிப் பாருங்கள். 10 ரிங்கிட் கிடைக்கும் வாய்ப்பு 20-இல் 2, அதாவது 0.1. 50 ரிங்கிட் கிடைக்கும் வாய்ப்பு 0.9. 10 × 0.1 + 50 × 0.9 = 46.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். 'எதிர்பார்ப்பு' என்பதால் இன்று 46 ரிங்கிட் வரும் என்று பொருளல்ல. 50 கட்டும் இந்தக் கடையில் ஒரு நாளும் 46 ரிங்கிட் லாபம் வராது. ஒன்று 10 வரும், இல்லையேல் 50 வரும். பல நாள்கள் இதே முறையில் நடத்தினால், நாளொன்றின் சராசரி லாபம் 46-ஐ நெருங்கும் என்பதே பொருள். ஒரு நாள் லாபம் குறைந்ததை வைத்து முடிவு தவறு என்று சொல்லக்கூடாது; ஒரு நாள் அமோகமாக விற்றதை வைத்து முடிவு சரி என்றும் சொல்லக்கூடாது.

ஏன் சராசரி கைவிட்டது?

51-ஆவது பொட்டலத்திலிருந்து 60-ஆவது பொட்டலம் வரை உள்ள பத்தை மட்டும் தனியாக எடுத்து யோசியுங்கள். இவை எப்போது விற்கும்? 60 அல்லது அதற்கு மேல் கேட்கப்படும் நாள்களில்தான். அதற்கான வாய்ப்பு 20-இல் 14, அதாவது 0.7. மிஞ்சும் வாய்ப்பு 0.3.

விற்றால் கிடைப்பது 1 ரிங்கிட், 0.7 × 1 = 0.70.
மிஞ்சினால் போவது 3 ரிங்கிட், 0.3 × 3 = 0.90.

வருவதைவிடப் போவது 20 காசு அதிகம். பத்துப் பொட்டலத்திற்கு 2 ரிங்கிட். 46, 44 ஆகக் குறைந்தது இதனால்தான்.

இந்தப் பத்துப் பொட்டலங்களும் விற்பதற்கே வாய்ப்பு அதிகம்: பத்தில் ஏழு. இருந்தும் அவற்றைக் கட்டுவது நட்டம். 'நடக்க வாய்ப்பு அதிகம்' என்பதும் 'செய்வது லாபம்' என்பதும் ஒன்றல்ல. வாய்ப்பு எவ்வளவு என்பதோடு, நடந்தால் எவ்வளவு கிடைக்கும், நடக்காவிட்டால் எவ்வளவு போகும் என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சராசரிக்கு லாபமும் தெரியாது, நட்டமும் தெரியாது.

பக்கத்துக் கடையில் விடை வேறு

பக்கத்திலேயே ஒருவர் கரும்புச்சாறு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடமும் அதே 20 நாள்களில் அதே எண்ணிக்கையில் கேட்கிறார்கள். ஒரு புட்டிக்குச் செலவு 1 ரிங்கிட், விலை 4 ரிங்கிட். விற்றால் லாபம் 3. மிஞ்சினால் நட்டம் 1.

60 புட்டி தயாரித்தால் எதிர்பார்ப்பு மதிப்பு 164 ரிங்கிட். 70 தயாரித்தால் 166. 80 தயாரித்தால் 160. இவருக்கு 70 நல்லது. தேவை ஒன்றுதான், சராசரியும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் சராசரிக்குக் கீழேயும் மற்றவர் சராசரிக்கு மேலேயும் நிற்க வேண்டும். மிஞ்சுவதால் வரும் இழப்பு பெரிதாக இருந்தால் குறைத்துத் தயாரிக்க வேண்டும். தட்டுப்பாட்டால் வரும் இழப்பு பெரிதாக இருந்தால் கூட்டித் தயாரிக்க வேண்டும்.

இது பழைய கேள்வி. பொருளியலிலும் புள்ளியியலிலும் பெயர் பெற்ற பிரான்சிஸ் எட்ஜ்வொர்த், ஒரு வங்கி எவ்வளவு ரொக்கத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1888-இல் ஆராய்ந்தார். அதிகமாக வைத்தால் அந்தப் பணம் வட்டி ஈட்டாமல் முடங்கும். குறைவாக வைத்தால் பணம் எடுக்க வருகிறவர்களுக்குக் கொடுக்க முடியாது. பிற்காலத்தில் இந்தக் கணக்கிற்குச் 'செய்தித்தாள் விற்பவர் கணக்கு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நேற்றைய தாளை இன்று யாரும் வாங்க மாட்டார்கள் அல்லவா?

மருத்துவமனை இரத்த வங்கியிலும் இதே கேள்வி எழுகிறது. இரத்தத் தட்டணுக்களைச் சில நாள்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. அதிகம் சேர்த்தால் கொஞ்சம் வீணாகும். குறைந்தால் ஓர் உயிருக்கே ஆபத்து. அங்கே தட்டுப்பாட்டின் இழப்பு மிகப் பெரியது என்பதால், ஓரளவு வீணானாலும் பரவாயில்லை என்று கூடுதலாக வைத்திருப்பதே சரியான முடிவு.

நோட்டை நம்பலாமா?

கணக்குச் சரியாக இருந்தாலும், அதில் போட்ட எண்கள் சரியா என்று கேட்பது புள்ளியியலின் மறுபாதி. மூன்றைச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, நோட்டில் எழுதியது கேட்கப்பட்ட எண்ணிக்கையா, விற்ற எண்ணிக்கையா? 50 கட்டி 50-உம் தீர்ந்த நாளில் '50' என்று மட்டும் எழுதினால், அதன்பின் வந்து திரும்பிப் போனவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள். அப்படி எழுதிக்கொண்டே போனால், தேவை 50-ஐத் தாண்டுவதே இல்லை என்று நோட்டு சொல்லும், அது பொய். தீர்ந்த நேரத்தையும் திரும்பிப் போனவர்களையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லா நாளும் ஒரே மாதிரியான நாளா? மழை நாள், பள்ளி விடுமுறை, நோன்பு மாதம் ஆகியவற்றில் தேவை மாறும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரு சராசரி எடுத்தால், அது எந்த நாளுக்கும் பொருந்தாமல் போகலாம். நாள்களை வகை பிரித்து வாய்ப்பைக் கணக்கிடுவதைத்தான் நிபந்தனை நிகழ்தகவு என்கிறோம். மேலும், 20 நாள் என்பது சிறிய மாதிரி. 80 கேட்கப்பட்டது வெறும் 2 நாள்தான். இன்னும் சில வாரம் எழுதினால் வாய்ப்புகள் சற்று மாறக்கூடும்.

மூன்றாவது, திரும்பிப் போகிறவரால் வரும் இழப்பு வெறும் 1 ரிங்கிட் தானா? தினமும் 50 கட்டினால், 20 நாளில் 220 பொட்டலங்களுக்கு இல்லை என்று சொல்ல நேரும். திரும்பிப் போனவர் எதிர்க்கடைக்கே வாடிக்கையாளர் ஆகிவிடலாம். அந்த இழப்பை ஒரு பொட்டலத்திற்கு இன்னொரு ரிங்கிட் என்று அந்த அம்மா மதிப்பிட்டால், தட்டுப்பாட்டின் இழப்பு 2 ரிங்கிட் ஆகும். மறுபடியும் 51 முதல் 60 வரை பாருங்கள்: 0.7 × 2 = 1.40, 0.3 × 3 = 0.90. இப்போது 60 கட்டுவதே நல்லது! அந்த ஒரு ரிங்கிட் மதிப்பீட்டை எந்தச் சூத்திரமும் தராது. வாடிக்கையாளரை அறிந்த வியாபாரிதான் தர முடியும். வணிகப் படிப்பில் கணிதமும் வியாபார அறிவும் கைகோக்கும் இடம் இது.

நான்காம் படிவக் கணிதத்தில் தரவுகளின் பரவலையும் கூட்டு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவையும் படிப்பீர்கள். கூடுதல் கணிதம் எடுப்பவர்கள் ஐந்தாம் படிவத்தில் நிகழ்தகவுப் பரவலைப் படிப்பீர்கள். அப்போது ஒவ்வொரு கணக்கிலும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த எண்ணை வைத்து யார், என்ன முடிவெடுப்பார்?

நீங்களே செய்து பாருங்கள்

நாசி லெமாக் கடையில் மிஞ்சும் பொட்டலங்களை எல்லாம், பத்து மணிக்கு மேல் ஒருவர் 2 ரிங்கிட் விலைக்கு வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறார். மற்றவை முன்போலவே, வாடிக்கையாளர் இழப்பைச் சேர்க்க வேண்டாம். இப்போது எத்தனை பொட்டலம் கட்டலாம்? ஒரு நாளின் எதிர்பார்ப்பு மதிப்பு எவ்வளவு?

விடை: மிஞ்சினால் நட்டம் 3-லிருந்து 1 ரிங்கிட்டாகக் குறைகிறது. 50 கட்டினால் 48 ரிங்கிட், 60 கட்டினால் 52, 70 கட்டினால் 48. ஆகவே 60. விற்றால் வரும் லாபமும் மிஞ்சினால் வரும் நட்டமும் சமமாக இருக்கும்போது, வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணே சரியான விடையாகிறது. தொடக்கத்தில் ஓரத்தில் 60 என்று எழுதியவர்கள், இரண்டு இழப்பும் சமம் என்று தம்மை அறியாமலேயே எண்ணிக்கொண்டவர்கள்.