பிரிண்ட் வருகிறது, ஸ்கேனர் மட்டும் ஏன் தெரியவில்லை?

புதுக்கோட்டை மாவட்டத்தில் பல வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்தது பள்ளிப் பிள்ளைகளின் பையில்தான். 2011ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வழங்கப்பட்ட லேப்டாப்களில், விண்டோஸுடன் சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்போது உபுண்டு, லினக்ஸ் மின்ட் போட்ட கம்ப்யூட்டருடன், வை-பை வசதியுள்ள ஆல்-இன்-ஒன் பிரிண்டரையும் சேர்த்து வாங்குகிறார்கள். வாங்கியதும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. பிரிண்ட் கொடுத்தால் உடனே வரும். ஸ்கேன் கொடுத்தால் "ஸ்கேனர் எதுவும் இல்லை" என்று செய்தி வரும்.

சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அவசரமாக அப்லோட் செய்ய வேண்டிய நாளில்தான் இது தெரிய வரும். அறந்தாங்கிக்கோ ஆலங்குடிக்கோ ஓடி, பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து, சான்றிதழின் பைலை யாரோ ஒருவர் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு வருவோம். பிரிண்டரில் கோளாறு இல்லை. பல நேரங்களில் தடுப்பது பயர்வால்தான்.

பயர்வாலை வாசலில் நிற்கும் காவலாளி என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் பெயர் சொல்லி அழைத்தவர் வந்தால் உள்ளே விடுவார். அழைக்காதவரை விட மாட்டார். பிரிண்ட் கொடுக்கும்போது கம்ப்யூட்டர் பிரிண்டரின் முகவரிக்கே நேராகப் பேசுகிறது. பதிலும் அங்கிருந்தே வருவதால் தடையில்லை. ஸ்கேனரைத் தேடும்போது கதை வேறு. கேனன் பிக்ஸ்மா போன்ற பிரிண்டர்களைத் தேட, லினக்ஸின் ஸ்கேன் புரோகிராம் நெட்வொர்க் முழுவதற்கும் "ஸ்கேனர் இருக்கிறதா?" என்று கூவுகிறது. தெருவைப் பார்த்துக் கூவினோம். பதில் சொல்வதோ ஒரு குறிப்பிட்ட வீட்டுக்காரர். "இவரை நீங்கள் அழைக்கவில்லையே" என்று காவலாளி திருப்பி அனுப்பி விடுகிறார்.

உபுண்டுவில் பயர்வால் தொடக்கத்தில் ஆப் நிலையிலேயே இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் அதை யாரேனும் ஆன் செய்து கொடுத்திருக்கலாம். இதைச் சோதிக்க ஜி-யூ-எப்-டபிள்யூ என்ற பயர்வால் புரோகிராமைத் திறந்திடுங்கள். மின்டில் இது இருக்கும். உபுண்டுவில் இன்ஸ்டால் செய்ய வேண்டும். ஸ்டேட்டஸ் பட்டனை ஒரு நிமிடம் ஆப் செய்து, ஸ்கேனரைத் தேடிப் பாருங்கள். தெரிந்தால் காரணம் பயர்வால். தெரியாவிட்டால் டிரைவரையும், இரண்டும் ஒரே வை-பையில் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். எப்படியானாலும் உடனே மீண்டும் ஆன் செய்திடவும். "ஆப் செய்தால் வேலை நடக்கிறதே" என்று அப்படியே விட்டுவிடுபவர்கள் அதிகம். அதே லேப்டாப்பைக் கல்லூரி வை-பையில் இணைத்தால், நீங்கள் ஷேர் செய்துள்ள போல்டர்களின் முன் காவலாளியே இருக்க மாட்டார்.

இனி வழி விடுவோம். முதலில் பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவில் அதன் ஐ.பி. முகவரியைக் குறித்துக் கொள்ளுங்கள். 192.168.1.20 என்று இருந்தால், பொதுவாக உங்கள் வீட்டு நெட்வொர்க் 192.168.1.0/24. பயர்வால் விண்டோவில் புரொபைல் 'ஹோம்' என்று இருக்கட்டும். 'ரூல்ஸ்' பகுதியில் கூட்டல் குறியைக் கிளிக் செய்து 'அட்வான்ஸ்டு' டேபுக்குச் செல்லவும். பாலிசி 'அலவ்', டைரக்ஷன் 'இன்', புரோட்டோகால் 'யூ.டி.பி.' எனத் தேர்ந்தெடுக்கவும். 'பிரம்' கட்டத்தில் 192.168.1.0/24 என்றும், 'டூ' வரிசையில் உள்ள போர்ட் கட்டத்தில் 8612 என்றும் டைப் செய்து 'ஆட்' கொடுக்கவும். கேனனுக்கு இது போதும். 'பிரம்' கட்டத்தைக் காலியாக விட்டால், எங்கிருந்து வந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்கும். சோம்பல் படாமல் எழுதி விடுங்கள்.

பிரதர் பிரிண்டரில் உள்ள ஸ்கேன் பட்டனை அழுத்தி கம்ப்யூட்டருக்கு அனுப்ப விரும்பினால், அந்த நிறுவனம் தரும் ஸ்கேன்-கீ-டூல் கம்ப்யூட்டரில் இயங்க வேண்டும். இங்கே பேச்சைத் தொடங்குவதே பிரிண்டர்தான் என்பதால் வழி விடாமல் நடக்காது. மேலே சொன்னபடியே செய்து, போர்ட் எண்ணை மட்டும் 54925 எனக் கொடுக்கவும்.

டிரைவர் தேவைப்படாத ஏர்ஸ்கேன் முறையில் இயங்கும் புதிய பிரிண்டர்கள் 5353 என்ற போர்ட்டில் தங்களை அறிவிக்கின்றன. உபுண்டு, மின்ட் பயர்வால் இதற்கு ஏற்கனவே வழி விட்டிருக்கும். ஓப்பன்சூசே போன்றவற்றில் உள்ள பயர்வால்-டி புரோகிராமில் 'எம்-டி-என்-எஸ்' என்ற சர்வீஸை டிக் செய்தால் போதும்.

லேப்டாப்பை வெளியே எடுத்துச் செல்லும்போது புரொபைலை 'பப்ளிக்' என மாற்றிவிடுங்கள். 192.168.1 என்று தொடங்கும் முகவரி ஊரில் பாதி ரூட்டர்களில் இருக்கும். உங்கள் வீட்டுக்காக எழுதிய ரூல் அங்கேயும் கதவைத் திறந்துவிடும்.